விஷவாயுவும் பெண் ஹார்மோனும்

வடமதுரை சௌந்தரராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து உட்காரும் பெரியவர்களின் பேச்சைக் கேட்டுப்பாருங்கள். சுகர், பிரஷர், மூட்டுவலி எல்லாம் வரும். 'ஒண்ணுக்குப் போகச் சிரமமா இருக்குப்பா' என்று மட்டும் லேசில் வாய் திறக்கமாட்டார்கள். வடமதுரை என்ன, வாஷிங்டனிலும் இதே கதைதான்! புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய், பலருக்கு எலும்புவரை பரவிய பிறகுதான் தெரியவருகிறது. அப்படி முற்றிய நிலைக்கென்றே வந்த ஒரு மருந்து, எஸ்ட்ராமஸ்டின். அதன் பூர்வீகம் கொஞ்சம் பயங்கரமானது.

பெயரைப் பிரித்துப் பாருங்கள். பின்பாதியில் இருக்கும் 'மஸ்டின்', சாட்சாத் மஸ்டர்ட் வாயுவின் வம்சம்! 1917 ஜூலையில், பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜெர்மானியர்கள் முதன்முதலாகப் பிரயோகித்த விஷம் அது. தோல் கொப்பளிக்கும், கண் அவிந்துபோகும். நம்மவர்களும் இதில் பலியாடுகள்தான். 1930-களில் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல், ராவல்பிண்டியில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் நம் சிப்பாய்களை வாயு அறைக்குள் அனுப்பினார்கள். எதற்கு? வெள்ளைக்காரத் தோலைவிட இந்தியத் தோல் அதிகம் வெந்துபோகுமா என்று பார்க்க! காயம்பட்டுப் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மஸ்டர்ட் வாயுவே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அந்தச் சிப்பாய்களுக்குப் பிற்பாடு என்ன ஆயிற்று என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. இந்த விஷயம் பரவலாக வெளியே வந்ததே 2007-ல்தான்.

இந்த விஷத்துக்குள் மருந்தைத் தேடியவர்கள் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக டாக்டர்கள். வேகமாகப் பெருகும் ரத்த வெள்ளணுக்களை மஸ்டர்ட் அழிக்கிறதே, புற்றையும் அழிக்காதா? 1942-ல், அதன் உறவான நைட்ரஜன் மஸ்டர்டை நிணநீர்ப் புற்று முற்றிய ஒருவருக்கு ரகசியமாக ஊசியில் ஏற்றினார்கள். கட்டி கரைந்தது (கொஞ்ச நாளைக்குத்தான்!). கீமோதெரபி பிறந்த கதை இது.

முன்பாதி 'எஸ்ட்ரா', பெண் ஹார்மோன். ஆண் ஹார்மோனை அடக்கினால் புராஸ்டேட் புற்று சுருங்கும் என்று 1941-ல் காட்டினார் சிகாகோ டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ். விதையை அகற்றலாம், அல்லது பெண் ஹார்மோன் தரலாம். 1966-ல் அவருக்கு நோபல் பரிசு.

1960-களில் சுவீடனின் லியோ கம்பெனி இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைத்தது. புராஸ்டேட்டுக்காக அல்ல, மார்பகப் புற்றுக்காக! ஹார்மோன் ஒரு தபால்காரர் மாதிரி விஷத்தைச் சுமந்துபோய்ப் புற்றுச் செல்லுக்குள் போட்டுவிடும் என்பது கணக்கு. தபால்காரரோ மூட்டையை அவிழ்க்கவே இல்லை. பிணைப்பு அத்தனை கெட்டி! ஆனால் மருந்து புராஸ்டேட்டில் போய்த் தங்கியது. செல் இரண்டாகும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் நுண்குழாய்களைக் குலைத்தது. போதாததற்கு, அதிலிருந்து வெளிப்படும் பெண் ஹார்மோன் ஆண் ஹார்மோனை அடக்கியது. 1981-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

தொல்லைகளும் உண்டு. ஆணுக்கு மார்பு பெருக்கும், ரத்தம் உறையும். பத்தியம் வேறு... பாசத்தோடு ஒரு டம்ளர் பாலை நீட்டும் நம்மூர் மருமகளுக்கு யார் சொல்வது, பாலிலுள்ள கால்சியம் இந்த மருந்தை உடம்பில் ஏறவிடாது என்று?

2004-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றில், டோசிடாக்ஸெல் என்ற மருந்தோடு எஸ்ட்ராமஸ்டினையும் சேர்த்தார்கள். நடுக்கணக்காக 17.5 மாத ஆயுள்; பழைய சிகிச்சையில் 15.6. இன்னொன்றில் எஸ்ட்ராமஸ்டின் கிடையாது, டோசிடாக்ஸெலும் ஸ்டீராய்டும் மட்டும். அதிலும் 16.5 மாதம் 18.9 ஆனது. அப்புறம் எதற்கு ரத்தம் உறையும் வம்பு? டாக்டர்கள் எஸ்ட்ராமஸ்டினை ஓரங்கட்டிவிட்டார்கள்.