கொல்லிமலையில் ஒரு விருந்தாளி

கொல்லிமலைக்கு நான் போனது வல்வில் ஓரிக்காக. ஒரே அம்பில் யானை முதல் உடும்புவரை ஐந்து பிராணிகள் வீழ்ந்ததைப் புறநானூற்றில் வன்பரணர் பாடினாரே, அந்த ஓரி ஆண்ட மலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ் என்னை இறக்கிவிட்டபோது ஓரி மறந்துபோய், தலைசுற்றல்தான் மிஞ்சியிருந்தது.

மறுநாள் சோளக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு மிளகுத் தோட்டத்து வேலியோரம் உட்கார்ந்திருந்தேன். தை மாதக் காலை. தலைக்கு மேலே ஒரு பறவை வட்டமிட்டது. "பருந்து" என்றேன். தோட்டத்துப் பெரியவர் சிரித்தார். அவர் மலையாளி, கேரளத்து மலையாளி அல்ல, இந்த மலையிலேயே வாழும் தமிழர்.

"பருந்துன்னா வாலு நடுவுல வெட்டிவிட்ட மாதிரி இருக்குமுங்க. இதுக்கு நேரா இருக்குது, பாருங்க. மழைக்காலத்துல வரும், வெயில் ஏறுனா போயிடும்."

ஊர் திரும்பிப் புத்தகங்களைப் புரட்டினேன். பருந்தின் அளவேயுள்ள சிறு கழுகு அது. இங்கிலீஷில் 'பூட்டட் ஈகிள்', அதாவது பூட்ஸ் போட்ட கழுகு. விரல்கள் தொடங்கும் இடம்வரை காலில் இறகு மூடியிருக்கும். 1788-இல் ஜெர்மானியர் ஜிமெலின் அதற்கு 'பால்கோ பென்னாட்டஸ்' என்று பெயர் வைத்தார். 'இறகுடையது' என்று அர்த்தம். எந்தப் பறவைக்குத்தான் இறகில்லை! விசேஷம் காலில் இருக்கிறது. வடக்கே இதற்கு 'கிலேரி மார்' என்று ஒரு பெயர் உண்டு: அணில்கொல்லி. கொல்லிமலைக்குப் பொருத்தமான விருந்தாளிதான்.

அடுத்த தையில் மறுபடியும் போய்ப் பெரியவரிடம் பூட்ஸ் விஷயத்தைச் சொன்னேன். அவர் சற்று யோசித்தார்.

"பறக்குறப்போ கால் எங்கீங்க தெரியும்? சுட்டுப் போட்டுத்தானே பார்த்திருப்பாங்க?"

அவர் கேட்டது நியாயம். சென்னை ராஜதானியில் ராணுவ டாக்டராக இருந்து, 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்ட ஜெர்டன் காலத்தில், பறவையை அடையாளம் காணத் துப்பாக்கிதான் கருவி. பெட்டியில் கிடந்த உடலைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கே கால் இறகு முக்கியமாகப் பட்டது. உயிரோடு பறப்பதைப் பார்க்கிற நமக்கு வேறு அடையாளம் வேண்டும். இந்தக் கழுகில் வெளிர்நிறமும் உண்டு, கருநிறமும் உண்டு. அதனால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஆனால் இரண்டுக்குமே கழுத்தோடு சிறகு சேருமிடத்தில், பக்கத்துக்கொன்றாய் வெள்ளைப் புள்ளி இருக்கும். நேரே நம்மை நோக்கி வரும்போதுதான் அது தெரியும்.

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கழுத்து வலித்தது. பிறகு பள்ளத்திலிருந்து எழுந்து எங்களை நோக்கியே வந்தது. மோட்டார் விளக்குபோல இரண்டு வெள்ளைப் புள்ளிகள். சட்டென்று சிறகை மடித்துக் கல்லைப்போல மரங்களுக்குள் விழுந்தது. அதுவரை கத்திக்கொண்டிருந்த அணில்கள் வாயடைத்துப் போயின.

"கிடைச்சுதுங்களா?" என்றார் பெரியவர், கழுகைக் கேட்கிறாரா என்னைக் கேட்கிறாரா என்று தெரியாமல்.