சிரேனேயில் அழிந்த பூண்டு



இயேசுவின் சிலுவையைச் சுமந்த சீமோனின் ஊராகவே சிரேனேயை நாம் அறிந்திருக்கிறோம். இன்றைய லிபியாவின் கிழக்கில், ஏறத்தாழ கி.மு. 631-இல் கிரேக்கர் நிறுவிய பட்டணம் அது. பண்டைய உலகில் அதற்குப் பெரும்புகழ் தேடித்தந்தது சில்பியம் என்னும் காட்டுப் பூண்டு. அப்பட்டணத்து நாணயங்களில் பொறித்த அதன் உருவத்தைக் கண்டு, கேரட்டும் சீரகமும் பெருங்காயமும் அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது அது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

அதன் தண்டிலும் வேரிலும் வடியும் பிசின் இருமலுக்கும் செரியாமைக்கும் மருந்தாயிற்று, உணவுக்கும் சுவையூட்டிற்று. கி.மு. 49-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, ஜூலியஸ் சீசர் ரோமக் கருவூலத்திலிருந்து பொன்னோடும் வெள்ளியோடும் 1,500 ராத்தல் சில்பியப் பிசினையும் எடுத்தார் என்று பிளினி எழுதுகிறார்.

இப்பூண்டு உழுத நிலத்தை விட்டு விலகி, தரிசு நிலத்திலேயே வளரும் என்று கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் குறித்துள்ளார். ஒருவரும் விதைக்காமல் கிடைத்த ஈவு அது. ஆகையால் வேரை எவ்வளவு வெட்டலாம் என்பதற்கு அந்நாட்டார் வரம்பு வகுத்திருந்தனர் என்றும் அவர் கூறுகிறார்.

கி.மு. 96-இல் அந்நாடு ரோமருக்கு உரியதாயிற்று. மேய்ச்சல் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், மிகுந்த ஆதாயம் கருதி, ஆடுகளை விட்டுச் சில்பியத்தை மேய்த்துத் தீர்த்தனர் என்பது பிளினியின் குற்றச்சாட்டு. கி.பி. 79-இல் மரித்த அவருடைய வாழ்நாளில் கிடைத்தது ஒரே ஒரு தண்டு. அதுவும் பேரரசன் நீரோவுக்கு அனுப்பப்பட்டது. பின்பு ரோமர் பாரசீகத்துப் பிசினையே வாங்கினர். அது நம் அடுக்களைப் பெருங்காயத்தின் இனம் என்பர்.

குத்தகைக்காரன் தன் தவணைக்குள் வரும் லாபத்தை எண்ணுகிறான். உக்கிராணக்காரனோ எஜமானுக்குக் கணக்கு ஒப்புவிக்கவேண்டியதை எண்ணுகிறான். குஞ்சுகளை எடுத்தாலும் தாய்ப்பறவையை விட்டுவிடவேண்டும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. கொடுக்கிற வேரை அழிக்காமல் பலனை அனுபவிப்பதே அதன் கருத்து. நமக்குப் பின்வரும் பிள்ளைகளுக்கும் உரிய நிலத்தையும் நீரையும் நாம் எந்த மனதோடு கையாளுகிறோம் என்று இவ்வாரம் சிந்திப்போமாக.

தேவகிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.