கர்மயோகித் திட்டம்

இந்திய அரசு ஊழியர்களின் பணிப் பண்பாட்டை இணையவழிக் கற்றல் மூலம் மாற்றியமைக்கும் தேசியத் திட்டம். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுமார் 46 லட்சம் மத்திய அரசு ஊழியர்களுக்காக, ஐந்தாண்டுகளுக்கு ரூ.510.86 கோடி ஒதுக்கப்பட்டது.

நோக்கம்: விதியைச் சார்ந்த நிர்வாகத்தைப் பொறுப்பைச் சார்ந்ததாக மாற்றுதல். ஒவ்வொரு பதவிக்கும் உரிய பொறுப்பு, செயல்பாடு, திறன் ஆகியவை வரையறுக்கப்பட்டு, அதற்கேற்பப் பயிற்சி அமைகிறது.

செயல்முறை: பாடங்கள் 'ஐகாட் கர்மயோகி' தளத்தில் உள்ளன. கோப்புக் குறிப்பு எழுதுதல், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு போன்றவற்றை ஊழியர் கைபேசியிலேயே காணொளியாகப் படித்து, தேர்வெழுதிச் சான்றிதழ் பெறலாம். பயிற்சி நிலையத்துக்குச் செல்ல வாய்ப்பில்லாத கடைநிலை ஊழியருக்கும் உயரதிகாரிக்கும் ஒரே வாசல் திறந்திருப்பது இதன் பெருஞ்சிறப்பு.

அமைப்பு: 2021இல் திறன் மேம்பாட்டு ஆணையம் அமைந்தது. தளத்தை நடத்த 2022இல் 'கர்மயோகி பாரத்' என்னும் லாப நோக்கற்ற அரசு நிறுவனம் உருவானது.

மதிப்பீடு: சான்றிதழ் எண்ணிக்கை மட்டும் மாற்றத்துக்குச் சான்றாகாது. கற்றதைச் செயல்படுத்த மேலதிகாரி இடமளித்து, மனுவோடு வரும் குடிமக்களுக்குக் கிடைக்கும் சேவை மேம்பட்டால்தான் திட்டம் வென்றதாகும்.