நகராத புயல்

ஹூஸ்டனிலிருந்து இன்று நான் பேசப்போவது புயலின் வேகத்தைப் பற்றி. காற்றின் வேகத்தைச் சொல்லவில்லை. புயல் ஒரு ஊரைக் கடந்துபோகும் வேகத்தைச் சொல்கிறேன்.

புயலுக்குக் கொடுக்கப்படும் ஒன்று முதல் ஐந்து வரையிலான எண், காற்றை மட்டுமே அளக்கிறது. மழையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 2001 ஜூனில் வந்த ஆலிசன் அந்த முதல் எண்ணைக்கூட எட்டவில்லை. ஆனால் எங்கள் பக்கமே சுற்றிச் சுற்றிப் பெய்தது. டெக்சஸ் மருத்துவ மையத்தின் அடித்தளங்களில் நீர் புகுந்து பல ஆண்டு ஆராய்ச்சி அழிந்தது. 2017 ஆகஸ்ட் 25 இரவு கரையேறிய ஹார்வி, நான்காம் எண் புயல். கரையேறியதும் காற்று தளர்ந்தது. புயல் மட்டும் நகரவில்லை. வளைகுடாவின் ஈரத்தை இழுத்து நாட்கணக்கில் கொட்டியது. நெடர்லாந்து என்ற ஊரில் 60.58 அங்குலம், அதாவது ஒன்றரை மீட்டருக்கு மேல்.

மழை அத்தனை பெய்தாலும், யார் வீட்டில் தண்ணீர் நிற்கும் என்பதை முடிவு செய்தது அதற்கு முந்தைய எண்பது ஆண்டு வரலாறு. 1929இலும் 1935இலும் பஃபலோ பையூ ஓடை பெருகி நகர மையம் மூழ்கியது. அதன் பிறகு, 1940களில், ராணுவப் பொறியாளர்கள் மேற்கே பார்க்கர், ஆடிக்ஸ் என்று இரண்டு நீர்த்தேக்கங்களைக் கட்டினார்கள். அன்று அங்கே புல்வெளியும் வயலும்தான். இவை எப்போதும் நீர் நிற்கும் ஏரிகள் அல்ல; பெருமழையில் மட்டும் நிரம்புபவை. முழுதாக நிரம்பினால் மூழ்கக்கூடிய நிலம் எல்லாவற்றையும் அரசு வாங்கவில்லை. நகரம் மேற்கே வளர்ந்தபோது அந்த மிச்ச நிலத்தில் வீடுகள் எழுந்தன. ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் சில மனை வரைபடங்களில், இங்கே நீர் தேங்கக்கூடும் என்ற குறிப்பு இருக்கிறது. வீடு வாங்குகிறவர் யார் அதைப் பார்க்கிறார்?

என் நண்பர் பார்க்கவில்லை. நல்ல பள்ளிக்கூடம், அமைதியான தெரு, அங்கேயே வாங்குங்கள் என்று சொன்னவன் நான். நானும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 30 அன்று வெயில் அடித்தது. அவர் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். "மழைதான் விட்டுடுச்சே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நீர்த்தேக்கம் அப்போதும் ஏறிக்கொண்டிருந்தது. மதகுகளை 28ஆம் தேதியே திறந்துவிட்டதால் கீழ்ப்பக்க வீடுகளும் மூழ்கின. அணைக்கு மேல்பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அரசு பொறுப்பு என்று 2019இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இலக்கியக் கூட்டத்தில் இதை ஏன் சொல்கிறேன்? நாம் எல்லோரும் வாசிக்கிறவர்கள். நூறு வருடத்துக்கு முந்தைய நாவலின் அடிக்குறிப்பைக்கூட விடமாட்டோம். நாம் குடியேறிய மண்ணைப் பற்றிய ஒரு வரிக் குறிப்பை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டோம். நண்பர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இப்போது யார் வீடு பார்க்கப் போனாலும், முதலில் அந்த மனை வரைபடத்தை வாங்கிப் படிக்கச் சொல்கிறேன்.