சங்கங்கள் வளரும் வழி: ரோட்டரியின் வரலாறு தரும் பாடம்

சங்கம் ஒன்றை அமைப்பது எளிது. அதனைத் தலைமுறை கடந்தும் நடத்திச் செல்வதே அரிது. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த தமிழர்கள், மனம்விட்டுப் பேச ஒரு மொழியும் மாலையில் கூட ஓர் இடமும் வேண்டுமென்ற வேட்கையால் சென்ற இடமெல்லாம் சங்கம் கண்டார்கள். ஆனால் தொடங்கியவர்களிடம் இருந்த வேட்கை அவர்களுடைய மக்களிடத்தும் தானாகவே தோன்றிவிடும் என்று கொள்வதற்கில்லை. மக்கள் பிறந்த ஊரே இதுவாகிவிட்ட பின்னர், பெற்றோரை வாட்டிய தனிமை அவர்களை வாட்டுவதில்லை. அந்நிலையில் அவர்கள் எதற்காகச் சங்கத்துக்கு வரவேண்டும்? ஒவ்வொரு சங்கமும் என்றேனும் ஒரு நாள் எதிர்கொள்ள வேண்டிய வினா இது.

இவ்வினாவுக்கு விடை தேடப் புகும் நாம், நூறாண்டு கடந்த ரோட்டரிச் சங்கத்தின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். அதன் புகழ் பாடுவது நம் நோக்கமன்று. எந்தெந்த விதிகளை அது கைவிட்டது, எதனைக் கைவிடவில்லை என்று காண்பதே நோக்கம்.

அச்சங்கத்தை நிறுவிய பால் ஹாரிஸ் என்பவரும் ஊர்விட்டு ஊர் வந்தவரே. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், சிற்றூர் ஒன்றில் பாட்டன் பாட்டியரிடம் வளர்ந்தவர் அவர். 1896-ஆம் ஆண்டில் சிகாகோ மாநகரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். தொழில் நடந்தது, துணைதான் கிட்டவில்லை. சிற்றூரில் எதிர்ப்படுவோர் அனைவரும் அறிந்தவர்கள். மாநகரிலோ அடுத்த வீட்டாரும் அயலார். கடைவீதியில் வணிகரும் வாடிக்கையாளரும் நண்பர்களாகப் பழகும் அந்தச் சிற்றூர் வாழ்வை மாநகரில் மீண்டும் உண்டாக்க இயலாதா என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனாக, 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் மாலையில், யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் எண் அறையில் நால்வர் கூடினர். ஹாரிஸ் வழக்கறிஞர், கஸ்டவஸ் லோயர் சுரங்கப் பொறியியல் வல்லுநர், சில்வெஸ்டர் ஷீலி நிலக்கரி வணிகர், ஹைரம் ஷோரி தையற்கடை நடத்தியவர். உலகெங்கும் பரவிய அமைப்பின் தொடக்கம் அவ்வளவுதான்.

ஒவ்வொரு கூட்டத்தையும் ஒவ்வொரு அங்கத்தினரின் அலுவலகத்தில் மாறி மாறிக் கூட்டுவது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். சுழற்சியைக் குறிக்கும் ரோட்டரி என்னும் பெயர் இவ்வழக்கத்திலிருந்தே பிறந்தது. ஆனால் அங்கத்தினர் பெருகவே, அலுவலக அறைகளில் இடம் போதவில்லை. கூட்டம் உணவு விடுதிக்கு மாறியது. பெயருக்குக் காரணமான வழக்கமே சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. பெயர் மட்டும் இன்றும் நிற்கிறது. வழக்கம் மாறினால் சங்கமே அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் இச்சிறு செய்தியை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இனி அதனினும் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது. தொடக்க நாளில் ரோட்டரி தொண்டுச் சங்கம் அன்று. அங்கத்தினர் ஒருவருக்கொருவர் வணிகத்தில் ஆதரவு தருவதே அதன் வெளிப்படையான குறிக்கோளாக இருந்தது. 1906-ஆம் ஆண்டில் டொனால்ட் கார்ட்டர் என்ற வழக்கறிஞரைச் சேருமாறு அழைத்தபோது அவர் மறுத்துவிட்டார். தம் அங்கத்தினரைத் தவிரப் பிறர் எவருக்கும் பயன்படாத ஒரு சங்கம் நெடுநாள் நிலைக்காது என்பது அவர் கூறிய காரணம். அழைத்தவர் சினம் கொள்ளவில்லை. அங்ஙனமாயின் தாங்களே உள்ளே வந்து அக்குறையை நீக்கலாமே என்றார். கார்ட்டரும் சேர்ந்தார், சிகாகோ நகரத்தின் நலத்தைப் பேணுவதும் சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

அடுத்த ஆண்டிலேயே நகரில் பொதுக் கழிப்பிடம் அமைக்க வேண்டுமென்ற முயற்சியைச் சங்கம் மேற்கொண்டது. 1909-இல் அது கைகூடியது. பேச்சு மேடைக்கு ஏற்ற அழகிய பொருள் அன்று அது. ஆயினும் ஊர் மக்களுக்கு உண்மையாகவே வேண்டியிருந்த ஒன்று. தன்னலத்துக்குக் கூடிய கூட்டம் பிறர் நலத்தை நாடும் சங்கமாக மாறியதற்குக் காரணம், சேர மறுத்த ஒருவர் சொன்ன சொல். உள்ளே இருப்பவர் சொல்லும் புகழுரையைவிட, வெளியே நிற்பவர் சொல்லும் குறை சங்கத்துக்குப் பெருஞ்செல்வம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1908-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் இரண்டாம் சங்கம் தோன்றியது. 1910-இல் பதினாறு சங்கங்கள் சிகாகோவில் மாநாடு கூடின. நம் நாட்டில் முதற் சங்கம் கல்கத்தாவில் 1920-ஆம் ஆண்டில் முறைப்படி ஏற்கப்பெற்றது. 1929-இல் சென்னையில் ஒரு சங்கம் எழுந்தது. கல்கத்தாச் சங்கத்தைச் சேர்ந்த நித்தீஷ் லாஹரி 1962-63-ஆம் ஆண்டுக்கு உலக ரோட்டரியின் தலைவரானார்; ஆசியர் ஒருவர் அப்பதவியை ஏற்றது அதுவே முதன்முறை. அங்குத் தலைமைப் பதவி ஓராண்டுக்கே உரியது. சுழற்சி என்னும் பெயர் கூட்டம் கூடும் இடத்தை விட்டு நீங்கிய பின்னும், பதவி நாற்காலியில் நிலைத்தது எனலாம்.

இவ்வளவு விரிந்த மனமுடைய சங்கம் ஒரு கதவை மட்டும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் அடைத்தே வைத்திருந்தது. ஆடவர் மட்டுமே அங்கத்தினராகலாம் என்பது அதன் விதி. இவ்விதியிலிருந்து ஆடவர் என்ற சொல்லை நீக்கவேண்டும் என்று 1950-ஆம் ஆண்டில் தீர்மானம் அனுப்பியது இந்தியாவிலிருந்த ஒரு சங்கம் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. 1964-இல் இலங்கைச் சங்கம் ஒன்றும் பெண்களைச் சேர்க்கக் கோரியது. இரண்டு முயற்சியும் பயன் தரவில்லை.

பின்னர், கலிபோர்னியா மாநிலத்து டுவார்ட்டி என்னும் சிற்றூரில் அங்கத்தினர் தொகை குறைந்து வாடிய ஒரு சங்கம், 1977-ஆம் ஆண்டில் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. தலைமை நிலையம் 1978-இல் அச்சங்கத்தையே விலக்கியது. டுவார்ட்டிச் சங்கத்தார் கலைந்துவிடவில்லை; முன்னாள் ரோட்டரிச் சங்கம் என்ற பெயருடன் தொடர்ந்து கூடினர்; நீதிமன்றத்தையும் நாடினர். 1987-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பெண்கள் சேர்வதால் மற்ற அங்கத்தினர் தங்கள் நோக்கங்களை நிறைவேற்றுவதற்குக் குறிப்பிடத்தக்க இடையூறு எதுவும் நேர்வதாகத் தெரியவில்லை என்பது நீதிபதிகளின் கருத்து. அவ்வாண்டிலேயே பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் டுவார்ட்டிச் சங்கத்தின் தலைவரானார். 1989-இல் உலகெங்கும் அவ்விதி நீக்கப்பட்டது. அடுத்த ஓராண்டுக்குள் பெண் அங்கத்தினரின் தொகை இருபதினாயிரத்தைத் தாண்டியது. அழைப்புக்காகக் காத்திருந்தவர்கள் எத்துணைப் பேர் என்பதை இத்தொகையே உணர்த்தும். 2022-ஆம் ஆண்டில் கனடா நாட்டுப் பெண்மணியான ஜெனிபர் ஜோன்ஸ் உலகத் தலைமையையும் ஏற்றார்.

1950-இல் வந்த ஆலோசனையை 1989-இல் ஏற்றதற்கு இடையில் முப்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் உழைக்க முன்வந்திருக்கக்கூடிய ஒரு தலைமுறைப் பெண்களின் உழைப்பைச் சங்கம் இழந்தது. கதவை இறுதியில் திறந்தது நன்று. ஆனால் காலந்தாழ்த்தியதற்கும் ஒரு விலை உண்டு.

இளைஞரைப் பற்றிய செய்தியும் இதனைப் போன்றதே. உயர்நிலைப் பள்ளி மாணவருக்காக இன்டராக்ட் சங்கம் 1962-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே அத்தகைய சங்கங்கள் முதலில் தோன்றிய இடங்களுள் நம் தஞ்சாவூரும் ஒன்று. 1968-இல் கல்லூரிப் பருவத்தினருக்கான ரோட்டராக்ட் பிறந்தது. அரை நூற்றாண்டுக் காலம் இது பெரியோர் நடத்தும் ஒரு திட்டமாகவே எண்ணப்பட்டது. முப்பது வயதானவுடன் ரோட்டராக்டிலிருந்து வெளியேறிய இளைஞருள் பலர் ரோட்டரியின் வாயிலுக்கு வரவேயில்லை. ஒரு வீட்டிலிருந்து விடை கொடுத்தனுப்பினார்கள். அடுத்த வீட்டுக்கு வழி காட்டவில்லை. 2019-இல்தான் ரோட்டராக்ட் சங்கங்களும் முழுமையான அங்கங்களாக ஏற்கப்பட்டன; பின்னர் வயது வரம்பும் நீக்கப்பட்டது.

வாரந்தோறும் தவறாமல் வரவேண்டும் என்ற கண்டிப்பும் தளர்ந்தது. மாதம் இருமுறை கூடினாலும் போதும், கணினி வழியாகக் கூடினாலும் ஏற்கத்தக்கதே என்று 2016-இல் சங்கங்களுக்கு உரிமை தரப்பட்டது. ஒரு தொழிலுக்கு ஒருவரே என்ற பழைய வரம்பும் படிப்படியாக நெகிழ்ந்தது. வணிகருக்கு ஏற்ற நண்பகல் விருந்து, பணிக்குச் செல்லும் இளந்தாய்க்கு ஏற்றதன்று என்பதை உணர்ந்தபோதே இம்மாற்றங்கள் இயன்றன.

இத்தனையும் மாறிய பின் மாறாதது யாது? கூடிப் பழகும் நட்பும் கூடிச் செய்யும் தொண்டுமே மாறவில்லை. 1979-இல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகளுக்கு இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்து தரத் தொடங்கிய சங்கம், 1985-இல் அந்நோயை உலகிலிருந்தே ஒழிக்கும் பெரும்பணியை மேற்கொண்டது. 1988 முதல் உலகச் சுகாதார நிறுவனம் முதலியவற்றோடு கைகோத்து உழைத்தது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டில்கூட 741 பேர் அந்நோய்க்கு ஆளாயினர். அரசு ஊழியரும் தொண்டர்களும் வீடு வீடாகச் சென்று சொட்டு மருந்து ஊட்டினர். 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹௌரா மாவட்டத்தில் கண்ட ஒரு குழந்தையோடு அந்நோயின் கணக்கு முடிந்தது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் நம் நாடு அந்நோய் நீங்கியதாகச் சான்று பெற்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொட்டு மருந்துப் பெட்டியைச் சுமந்து சென்றவருக்குச் சங்கத்தின் பெருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. செய்வதற்கு ஒரு பணி தந்தால் மனிதர் வருவர். கேட்பதற்குச் சொற்பொழிவு மட்டும் தந்தால், ஒருமுறை வந்து செல்வர்.

ஆயினும் ரோட்டரியின் இடர்கள் யாவும் நீங்கிவிட்டன என்று சொல்வதற்கில்லை. அதன் அங்கத்தினர் தொகை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பன்னிரண்டு லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பிறந்த நாடான அமெரிக்காவில் குறைந்தது. நம் நாட்டில் வளர்ந்தது. பழம்பெருமை எந்தச் சங்கத்தையும் தாங்கிப் பிடிக்காது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இவ்வரலாற்றை நம் தமிழ்ச் சங்கங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். விதிகளுள் சில வேர் போன்றவை. சில வேலி போன்றவை. செடி இளமையாக இருந்தபோது இட்ட வேலி, மரமான பின் அதன் வளர்ச்சியையே தடுக்கலாம். தமிழும், தமிழரின் நட்பும், அல்லலுற்ற தமிழருக்கும் அயலாருக்கும் உதவும் கையும் நமக்கு வேர். கூட்டம் எந்தக் கிழமை, நிகழ்ச்சி எவ்வளவு நேரம், செயற்குழுவில் யார் என்பன வேலி.

விழா நாளில் கோலமிடுதலும் பொங்கலிடுதலும் பெண்டிர் பங்காகவும், கணக்குக் கேட்டலும் தீர்மானம் இயற்றலும் ஆடவர் பங்காகவும் இருக்க வேண்டியதில்லை. இளைஞர் நாற்காலி அடுக்குவதற்கும் ஒலிபெருக்கி சுமப்பதற்கும் மட்டும் உரியவர் அல்லர். ஒரு முழு நிகழ்ச்சியை, அதற்குரிய பணத்துடன், அவர்கள் கையில் ஒப்புவிக்கலாம். இந்நகரங்களுக்குக் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளுக்கு மாலைநேரத் தமிழ் வகுப்பும், மருத்துவமனையில் மொழி தெரியாமல் நிற்பவருக்கு ஒரு துணையும் நம்மால் தர இயலும். அவர்கள் உதவி பெறுவோராக மட்டுமன்றி, அங்கத்தினராகவும் அமரும் நாளே சங்கம் முழுமை பெறும் நாள். தமிழ் பேசவறிந்து எழுத்தறியாத பிள்ளையை வருந்தச் செய்யாமல், அப்பிள்ளை அறிந்த அளவிலிருந்தே தொடங்குவதும் நம் கடன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வாண்டு சந்தா செலுத்தாமல் நின்றுவிட்டவர் இல்லத்துக்கும், ஒருபோதும் சேராதவர் இல்லத்துக்கும் செயற்குழுவினர் இருவர் இருவராகச் செல்லலாம். பற்றுச்சீட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, தாங்கள் ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டு வரவேண்டும். விடை கசக்கலாம். 1906-இல் சிகாகோவில் கேட்ட சொல்லும் கசப்பானதே. அதனைக் கேட்கும் பொறுமை இருந்தமையால் ஒரு சங்கம் நூறாண்டு வாழ்ந்தது.

ஆண்டு விழாக் காணும் இந்நன்னாளில், உள்ளே இருப்போர் மகிழவும், வெளியே நிற்போர் வரவும், நம் சங்கம் நீடு வாழ்க!