புரையா, அழுத்தமா? கண் சீட்டில் இருக்கும் சொற்களின் கதை

உங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டியவர் இருந்தால், பீரோவில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றாவது கட்டாயம் இருக்கும். எடுத்துப் பாருங்கள். கேடராக்ட், கிளாக்கோமா, ரெட்டினா, கார்னியா என்று நாலைந்து சொற்கள் அதில் தென்படும். டாக்டர் சொல்லும்போது தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறோம். இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால், பெயரை நம்பி மருத்துவர்களே நூற்றாண்டுக் கணக்கில் ஏமாந்த ஒரு கதை கிடைக்கிறது. அதே குழப்பம் நம் வளாகத்துப் பேச்சிலும் காதில் விழுவதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வம்பில்லாத பெயர்களைப் பார்ப்போம். பழைய மருத்துவர்கள் உடலை அறுத்துப் பார்த்தபோது, கண்ணில் பட்ட ஜாடைக்குப் பெயர் வைத்தார்கள். கார்னியா என்பது லத்தீனில் கொம்பு என்ற சொல்லிலிருந்து வந்தது. மெல்லியதாகச் சீவிய மாட்டுக் கொம்பு போலக் கடினமாகவும் ஒளி ஊடுருவுவதாகவும் இருப்பதால் அந்தப் பெயர். ரெட்டினா என்றால் வலை. அது எதற்கு இருக்கிறது என்று தெரியாத காலத்தில் வைத்தது. பிம்பம் அங்கேதான் விழுகிறது என்று கெப்ளர் விளக்கியது 1604இல். நம் பாடப்புத்தகங்கள் அதற்கெல்லாம் பிறகு வந்தவை. அதனால் தமிழில் அது 'விழித்திரை' ஆயிற்று. இந்த ஒரு சொல்லில் தமிழ் முந்திக்கொண்டது என்பேன்.

கண்ணின் நடுவில் இருக்கும் கரிய துளைக்கு ஆங்கிலத்தில் பியூப்பில். லத்தீனில் அதற்குப் 'சிறு பொம்மை' என்று பொருள். கிரேக்கத்தில் அதே இடத்துக்குப் 'பெண்' என்று பெயர். நாம் என்ன சொல்கிறோம்? பாவை! எதிரில் நிற்பவரின் கண்ணை உற்றுப் பார்த்தால் உங்கள் உருவம் சின்னப் பொம்மையாகத் தெரியும், அதுதான் காரணம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கத் தேவையில்லை. எல்லா ஊரிலும் மனிதர்கள் நெருங்கி நின்று கண்ணைப் பார்த்திருக்கிறார்கள்.

காதிலும் இதே முறைதான். வேசாலியஸ் 1543இல் வெளியிட்ட தம் உடற்கூற்று நூலில் காதுக்குள் இருக்கும் இரண்டு சிறு எலும்புகளைக் கொல்லன் பட்டறைச் சாமான்களோடு ஒப்பிட்டார். அவை சுத்தியும் பட்டடையும் ஆயின. மூன்றாவது எலும்பை 1546இல் கண்டதாகச் சொன்னவர் சிசிலிக்காரரான இங்கிராசியா. அது குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம் போல இருந்தது. பழைய ரோமானியர்களுக்கு அந்த வளையமே கிடையாது, ஆகையால் பழைய லத்தீனில் சொல்லும் இல்லை. பின்னால் வந்தவர்கள் 'ஸ்டேப்பீஸ்' என்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் அதை 'அங்கவடி எலும்பு' என்று மனப்பாடம் செய்கிறார்கள். அங்கவடி என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். குதிரை ஏறியிருந்தால்தானே தெரியும்! சுமார் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த எலும்புதான் நம் உடம்பிலேயே சிறியது. அது இறுகி அசையாமல் போனாலும் காது மந்தமாகும். உள்காதில் சுருண்டிருக்கும் பகுதிக்குக் காக்ளியா, அதாவது நத்தை என்று பெயரிட்டவர் ஃபலோப்பியோ. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு இன்று பொருத்தும் காக்ளியர் கருவியின் இழை அந்த நத்தைக்குள்தான் போகிறது. செவிப்பறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லத்தீனிலும் மேளம், தமிழிலும் பறை.

இந்தப் பெயர்களால் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் வந்தது கேடராக்டிலும் கிளாக்கோமாவிலும்தான்.

கேடராக்ட் என்றால் அருவி. கண்ணுக்கும் அருவிக்கும் என்ன சம்பந்தம்? பழைய கிரேக்க, ரோமானிய மருத்துவர்கள் பாவைக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ்தான் பார்க்கும் உறுப்பு என்று நம்பினார்கள். அது கெட்டால் பார்வை திரும்பவே கூடாது. ஆனால் வெள்ளை விழுந்த கண்ணில் ஊசியைச் செலுத்தி அந்த வெள்ளையைக் கீழே தள்ளினால் ஓரளவு பார்வை வந்தது. சுசுருத சம்ஹிதையிலும் இந்த முறை உண்டு. ஆகவே அந்த வெள்ளை லென்ஸாக இருக்க முடியாது; தலைக்குள்ளிருந்து ஏதோ நீர் இறங்கி லென்ஸுக்கு முன்னால் உறைந்து திரை போடுகிறது என்று முடிவு கட்டினார்கள். அரபு மருத்துவர்கள் அதை 'நீர் இறங்குதல்' என்று எழுதினார்கள். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்த ஆப்பிரிக்கக் கான்ஸ்டன்டைன் என்ற துறவிதான் அதை அருவியாக்கினார் என்பார்கள்.

கிளாக்கோமா இன்னும் பழையது. நீலமும் பச்சையும் கலந்த வெளிர் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. லென்ஸே கெட்டுப் போனது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிட்ட கண்களுக்கு அந்தப் பெயர். கிட்டத்தட்ட இப்படி வைத்துக்கொள்ளலாம்: தள்ளினால் பார்வை வந்தது கேடராக்ட், வராதது கிளாக்கோமா.

1705இல் மிஷேல் பிரிஸ்ஸோ என்ற பிரெஞ்சு மருத்துவர், கண்ணில் வெள்ளை முற்றிய நிலையில் இறந்துபோன ஒரு படைவீரரின் கண்ணில் ஊசியால் அந்த வெள்ளையைத் தள்ளிவிட்டு, பிறகு அறுத்துப் பார்த்தார். தள்ளப்பட்டுக் கிடந்தது திரையல்ல, லென்ஸேதான். அருவியும் இல்லை, இறங்கிய நீரும் இல்லை. பாரிஸ் அறிவியல் கழகம் முதலில் இதை ஏற்கவில்லை. வேறு கண்களிலும் அதுவே தெரிந்த பிறகு சில ஆண்டுகளில் வழிக்கு வந்தது. 1747இல் ஜாக் தவியேல் லென்ஸைத் தள்ளாமல் வெளியே எடுத்துக் காட்டினார். இன்று நம் பெரியவர்கள் காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் ஆபரேஷன் அந்த வழியில் வந்ததே. நோயின் விளக்கம் தலைகீழாக மாறியும் அருவி என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

கிளாக்கோமா தனி நோயாகத் தெளிவுபட மேலும் நூறாண்டுக்கு மேல் ஆனது. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உள்ளே பார்க்கும் கருவியை அறிவித்த பிறகுதான் விழித்திரையையும் பார்வை நரம்பின் முனையையும் உயிருள்ள கண்ணில் பார்க்க முடிந்தது. கிளாக்கோமாவில் அந்த நரம்பு நைந்துபோகிறது. 1819இல் தொடங்கிய நம் மெட்ராஸ் கண் மருத்துவமனைக்கும் இதில் பங்கு உண்டு. எழும்பூரில் அதன் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் 1909இல் வெளியிட்ட கிளாக்கோமா அறுவை முறை உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் செய்யப்பட்டது.

இனி நம் மொழிக்கு வருவோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலை தேடி வெளியே போனார்கள். 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது அவருடைய முயற்சியால்தான். அவர் வைத்திருந்த விதி எளிது: முதலில் தமிழில் தேடு, இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது. இன்றைக்கும் இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தமிழில் சொல் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் வீட்டுப் பேச்சே சாட்சி. கார்னியாவைச் சில பாடப்புத்தகங்கள் 'விழி வெண்படலம்' என்கின்றன. கண் தானச் செய்திகளில் அதுவே 'கருவிழி'. நிறமே இல்லாத ஒன்றுக்கு ஓரிடத்தில் வெள்ளை, இன்னோரிடத்தில் கறுப்பு! கண்ணில் பூ விழுந்துவிட்டது, சதை வளர்ந்திருக்கிறது, புரை தட்டுகிறது என்று நாம் சொல்வதெல்லாம் கண்ணுக்கு மேலே ஏதோ படர்ந்திருக்கிறது, உரித்து எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தைத் தருகிறது. கூடவே, 'புரை நன்றாக முத்தட்டும், பிறகு பார்க்கலாம்' என்ற அறிவுரையும் இலவசமாக வரும். முற்றும்வரை காத்திருந்தது பழைய அறுவை முறைக்கு. இப்போது அது தேவையில்லை. ரொம்ப முற்றவிட்டால் டாக்டருக்குத்தான் வேலை கடினம்.

கிளாக்கோமாவுக்குத் தமிழில் 'கண் அழுத்த நோய்'. இதைக் கேட்டதும் பாதிப் பேர் பி.பி. என்று நினைக்கிறார்கள். 'எனக்கு பிரஷர் நார்மல்தான் சார்' என்று பதில் வரும். இது ரத்த அழுத்தம் அல்ல, கண்ணுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம். கண் பாரமாக இருந்தால்தான் இந்த நோய் என்றும் நினைக்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு வலியே இருக்காது. பக்கவாட்டுப் பார்வை முதலில் சுருங்கும், நேராகப் பார்ப்பது கடைசிவரை தெளிவாகவே இருக்கும். கண்ணின் அழுத்தம் சரியான அளவில் இருந்தும் நரம்பு நைந்துபோகிறவர்கள் உண்டு.

'வயசானால் புரை வரத்தானே செய்யும், பொங்கலுக்குப் பிறகு ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம்' என்று கண் மங்கியவர் தாமே முடிவு செய்துகொண்டு தள்ளிப்போடும்போது, 1705க்கு முந்தைய குழப்பம் அப்படியே திரும்பி வருகிறது. புரையால் போன பார்வை லென்ஸ் மாற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். கிளாக்கோமாவில் போனது வராது. சொட்டு மருந்தோ லேசரோ அறுவையோ, இருப்பதைக் காப்பாற்றத்தான்.

ஆகவே அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது, இரண்டில் எது என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டும் ஒரே கண்ணில் இருக்கலாம். கிளாக்கோமா என்று சீட்டில் எழுதியிருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் போன் செய்து சொல்லிவிடுங்கள். நாற்பது தாண்டிய அவர்களும் ஒருமுறை கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.