சுங்கம் தவிர்த்த சோழனும் என் மாமாவோட சிமெண்ட் லாரியும்

சென்னையில இருந்து பெரம்பலூருக்கு வண்டியை விட்டா, ஊர் வர்றதுக்கு முன்னாடி திருமாந்துறை சுங்கச்சாவடி வரும். ஃபாஸ்டேக்கில் காசு கழியும்போதெல்லாம் எனக்கு ஒரு சிரிப்பு வரும். இங்கேருந்து தென்கிழக்கே, இப்போ அரியலூர் மாவட்டத்துல இருக்கிற கங்கைகொண்ட சோழபுரத்துல இருந்து ஆண்ட ஒரு ராஜாவுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்'னு பட்டம். ஆளு முதலாம் குலோத்துங்கன்.

1070-ல் பட்டத்துக்கு வந்து சுமார் ஐம்பது வருஷம் ஆண்டவர். அம்மா வழியில் ராஜேந்திர சோழனுக்குப் பேரன், அப்பா வழியில் வேங்கிச் சாளுக்கியர். ஆக, ஒரே ஆளுக்கு ரெண்டு நாட்டு உரிமை. 1077-ல் சோழ நாட்டுத் தூதுக்குழு ஒண்ணு சீனாவுக்கு வந்துச்சு, மொத்தம் 72 பேர்னு சீனக் குறிப்புகள் சொல்லுது. வியாபாரம் தெரிஞ்ச ராஜாங்க. சாதாரணமா ஊரைப் பிடிச்சாத்தான் பட்டம் கிடைக்கும். இவருக்கு வரியை விட்டதுக்குப் பட்டம்!

சுங்கத்தை எடுக்கறது அவ்ளோ பெரிய விஷயமான்னு கேட்டா, கணக்கு போட்டுப் பாருங்க. 100 காசு மதிப்புள்ள மிளகு மூட்டை ஒண்ணு கிளம்புது. வழியில ஆறு சுங்கச்சாவடி, ஒவ்வொண்ணுலயும் மதிப்புல 5%. அஞ்சாறு முப்பதுன்னு நினைச்சா தப்பு. முதல் சாவடி வரி ரெண்டாவது சாவடியில மதிப்போட சேர்ந்துடும். போய்ச் சேரும்போது 134 காசு. வரி மேல வரி!

சரி, சுங்கத்தை எடுத்துட்டா எல்லாம் ஒரே சந்தை ஆயிடுமா? இங்கதான் மேட்டரே இருக்கு. ஐரோப்பாவுக்கு ஒரு நடை போயிட்டு வருவோம்.

1957-ல் ரோம் நகரத்துல ஆறு நாடுகள் கையெழுத்துப் போட்டு பொதுச்சந்தை ஆரம்பிச்சாங்க. 1968-க்குள்ள தங்களுக்குள்ள சுங்கத்தை ஒழிச்சாச்சு. ஆனாலும் சரக்கு நின்னுச்சு. பிரான்ஸ்ல இருந்து காசிஸ்னு ஒரு பழ மதுவை ஒரு ஜெர்மன் கம்பெனி இறக்குமதி பண்ணப் பார்த்தது. ஜெர்மன் அரசு என்ன சொல்லுச்சு தெரியுமா? "எங்க சட்டப்படி பழ மதுவுல 25% ஆல்கஹால் இருக்கணும், உங்க சரக்குல கம்மியா இருக்கு, விக்கக் கூடாது." போதை பத்தலைன்னு தடை! (நம்ம ஊர் குடிமகன்கள் கவனிக்க.) 1979-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏத்துக்கல. ஒரு நாட்டுல சட்டப்படி தயாரிச்சு விக்கிற பொருளை, வலுவான பொதுநலக் காரணம் இல்லாம இன்னொரு நாடு தடுக்கக் கூடாதுன்னு தீர்ப்பு. அதுக்கப்புறமும் ஒற்றைச் சந்தை நிஜமாக 1993 ஜனவரி 1 வரை ஆச்சு. சுங்கம் முதல் சுவர்தான். விதி, பர்மிட், பேப்பர் எல்லாம் அதுக்குப் பின்னாடி நிக்கிற சுவர்கள்.

இப்ப நம்ம வீட்டுக்கு வருவோம். நம்ம அரசியல் சட்டம் 301-வது பிரிவு, இந்தியா முழுக்க வணிகம் தடையில்லாம நடக்கணும்னு சொல்லுது. 304-வது பிரிவு, வெளிமாநிலப் பொருளுக்கும் உள்ளூர்ப் பொருளுக்கும் வரியில பாரபட்சம் காட்டாதேன்னு சொல்லுது. ஆனா அஸ்ஸாம் வழியா கல்கத்தா போன தேயிலைக்கு அஸ்ஸாம் வரி போட்டது. 1960-ல் உச்ச நீதிமன்றம் அதை அடிச்சிடுச்சு. 1962-ல் அதே நீதிமன்றம், ரோடு மாதிரி வசதி செஞ்சு கொடுத்து அதுக்கு ஈடா வாங்கினா அது தடை இல்லைன்னு சொன்னது. அந்த வழியில பல மாநிலங்கள் நுழைவு வரி போட்டுட்டாங்க. 2016-ல் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, 'ஈடு' கணக்கெல்லாம் வேண்டாம், பாரபட்சம் இருக்கா இல்லையான்னு மட்டும் பாருன்னு முடிச்சாங்க.

சட்டப் புத்தகத்துல இப்படி. ரோட்டுல எப்படின்னு எனக்கு 2013-ல் தெரிஞ்சுது. பத்தாவது முடிச்ச லீவுல மாமாவோட லாரியில தொத்திக்கிட்டேன். அரியலூர்ல சிமெண்ட் ஏத்திக்கிட்டு கேரளா. எல்லையில ஒரு செக்போஸ்ட்டுல சாயங்காலம் நின்ன வண்டி விடிஞ்சுதான் நகர்ந்தது. கொசுக்கடியில மாமா சொன்னது: "ஓட்டறதுக்குச் சம்பளம் கம்மி மாப்ள, நிக்கறதுக்குத்தான் ஜாஸ்தி தரணும்."

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. நுழைவு வரி அதுக்குள்ள கரைஞ்சுது, வணிகவரிச் செக்போஸ்ட்களும் போச்சு. 2018 ஏப்ரல்ல இருந்து மாநிலம் தாண்டுற சரக்குக்கு இ-வே பில். முந்தைய கட்டத்துல கட்டின வரியைக் கழிச்சுக்கலாம்கறதால, மேல சொன்ன மிளகு மூட்டைக் கணக்குக்கும் பெருமளவு முடிவு. மாமா சந்தோஷமா இருப்பார்னு நினைச்சேன். போன தடவை ஊருக்குப் போனப்போ அவர் கேட்டார்: "மாப்ள, நீ படிச்சவன். நம்ம ஊரு மண்ணுல குழி, நம்ம வீட்டுல தூசி. அந்த வரி யாருக்குப் போகுது?"

கொஞ்சம் திணறிட்டேன். பழைய மத்திய விற்பனை வரி (1956-ல் வந்த சட்டம்) சரக்கு கிளம்பற மாநிலத்துக்குப் போகும். கடைசியில அது 2% தான். ஆனாலும் நமக்கு. ஜிஎஸ்டி பொருள் நுகரப்படற இடத்துக்குப் போகும். அரியலூர் சிமெண்ட் கொச்சியில வீடானா, மாநிலப் பங்கு கேரளாவுக்கு. 2016 ஆகஸ்ட்ல ராஜ்யசபாவுல மசோதா ஓட்டெடுப்புக்கு வந்தப்போ அதிமுக வெளிநடப்பு பண்ணதுக்குப் பின்னாடி இருந்த கவலை இதுதான். வருவாய் குறைஞ்சா அஞ்சு வருஷம் இழப்பீடு உண்டு, வருஷத்துக்கு 14% வளர்ச்சிக் கணக்குலன்னு சட்டமே போட்டாங்க. அது 2022 ஜூன்ல முடிஞ்சுது. குழி முடியல.

குலோத்துங்கன் விட்டது அவரோட சுங்கம், அவரே முடிவு பண்ணார். ஒற்றைச் சந்தையில முடிவு எடுக்கறது எல்லாரும் சேர்ந்து, விட்டுக்கொடுக்கறது சிலர். ஐரோப்பா இதை உணர்ந்து, பின்தங்கின பகுதிகளுக்குன்னு 1975-லயே வளர்ச்சி நிதி வெச்சது. நம்ம கிட்டயும் ஒண்ணு இருக்கு. 2015 கனிமச் சட்டத் திருத்தப்படி, சுரங்கம் வெட்டறவங்க ராயல்டி போக, அதுல 10 அல்லது 30 சதவீதம் மாவட்ட கனிம அறக்கட்டளைக்குக் கட்டணும். சுரங்கத்தால பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவு பண்றதுக்குன்னே உள்ள பணம். சந்தை பெருசாகட்டும், நான் எதிரி இல்ல. ஆனா மாமாவோட கேள்விக்கு நியாயமான பதில் அந்தப் பணத்துலதான் இருக்கு. அரியலூர்க்காரங்க மொதல்ல அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படிக்கணும்.

டிஸ்கி: திருமாந்துறையில கட்டினது சுங்கமா, ரோடு வாடகையான்னு கேட்டா, 1962 தீர்ப்பைக் காட்டி 'வாடகை'ன்னு சொல்லிடுவேன். குலோத்துங்கன் என்ன சொல்லியிருப்பார்னு பின்னூட்டத்துல நீங்க சொல்லுங்க மக்களே.